பெயர் எழுதாமல் வந்த துணிப் பைகளுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

மார்பகப் புற்றுநோயாளிகளின் சிகிச்சைக்காக நாங்கள் நடத்தும் நிதியிலிருந்து நேற்று மாலை கடைசி பாக்கியும் கட்டியாகிவிட்டது. யாருடைய சிகிச்சையும் பாதியில் நிற்காது. பணத் தட்டுப்பாட்டில் கடந்த மூன்று வாரம் எப்படிப் போனது என்று இதைப் படிக்கிற உங்கள் எல்லோருக்கும் தெரியும், அதை மறுபடி எழுதப் போவதில்லை. மூச்சு இன்னும் சீராகவில்லை. ஆனாலும் நன்றியை ஆறப்போடக் கூடாது என்று உடனே உட்கார்ந்துவிட்டோம்.

பணம் தந்த ஒவ்வொருவருக்கும் ரசீது போயிருக்கிறது. ரசீது போட முடியாத ஒருவருக்காகத்தான் இந்த மடலைப் பொதுவில் எழுதுகிறோம். நெருக்கடி உச்சத்தில் இருந்த வாரம் ஒரு துணிக்கட்டு வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை, முகவரி இல்லை. பணமாகத் தர இயலவில்லை, இவை உதவினால் வைத்துக்கொள்ளுங்கள் என்ற அளவில் ஒரு துண்டுச் சீட்டு மட்டும். பிரித்தால் உள்ளே நாடா வைத்துத் தைத்த சின்னச் சின்ன பைகள். ஒவ்வொன்றிலும் இரண்டு அறை. அறுவை சிகிச்சைக்குப் பின் உடலில் வைக்கும் வடிகுழாயான டிரெயினுக்கான பைகள்.

இதன் அருமை, டிரெயினோடு ஒரு நாளாவது இருந்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறோம். மார்பகத்தை முழுதாக அகற்றும்போதும், அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளை எடுக்கும்போதும், தோலுக்கும் தசைக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டாகிறது. அறுபட்ட நுண்ணிய நாளங்களிலிருந்து கசியும் நீர் அங்கே போய்த் தேங்கும். தேங்கினால் தோல் தசையோடு ஒட்டாது. நீர்க்கட்டாகி ஊசியால் இழுக்க வேண்டிவரும், கிருமி சேரவும் வழியாகும். அதற்காகத்தான் பக்கவாட்டுத் தோல் வழியாக ஒன்றோ இரண்டோ மெல்லிய குழாய்களை வைத்து ஒரு தையலும் போட்டு நிறுத்துகிறார்கள். குழாயின் மறுமுனையில் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பல்ப். அதை அமுக்கிக் காற்றை வெளியேற்றி, அமுக்கிய பிடி தளராமல் மூடியை அடைத்தால், பழைய வடிவத்துக்கு விரிய முயலும் அதன் விசையே நீரை இழுத்துக்கொள்ளும். பரவலாகப் பயன்படும் பல்ப் 100 மி.லி. கொள்ளும். பலர் இதோடுதான் வீட்டுக்குப் போகிறார்கள். ஒரு வாரம், இரண்டு வாரம், சிலருக்கு அதற்கும் மேல்.

அத்தனை நாளும் அந்த பல்பை எங்கே வைத்துக்கொள்வது என்பதை யாரும் யோசிப்பதில்லை. சட்டையில் ஊக்கு குத்தி மாட்டிக்கொள் என்கிறார்கள். ஊக்கு நழுவி பல்பில் ஒரு துளை விழுந்தால் போதும், இழுவை போய்விடும். பல்ப் உப்பியே இருக்கும், நீர் உள்ளேயே தேங்கும். ஊக்கு கழன்றுவிட்டால் நிரம்பிய பல்பின் கனம் முழுவதும் தோலில் உள்ள அந்த ஒற்றைத் தையலில்தான் தொங்கும். எழுந்து நிற்கும்போது சுண்டும். கதவுக் கைப்பிடியில் குழாய் மாட்டிக்கொண்டால் வரும் வலியைச் சொல்லில் அடக்க முடியாது. ராத்திரி புரண்டு படுக்கப் பயந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறவர்கள் உண்டு. இதற்கெல்லாம் தேவைப்படுவது ஒரு சாண் துணியும் ஒரு நாடாவும்தான். நாங்கள் நிதி திரட்டுவதிலேயே முழுக் கவனத்தையும் வைத்திருந்தோம், இது எங்கள் பட்டியலிலேயே இல்லை. இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறோம்.

தைத்து அனுப்பியவரே, உங்களை நாங்கள் அறிய மாட்டோம். ஆனால் உங்கள் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் கொஞ்சம் புரிந்தது. வாய்க்கு மூடி இல்லை, பட்டன் இல்லை, வெல்க்ரோ இல்லை. மூடி வைத்தால் குழாய் அந்த இடத்தில் மடிந்து நீர் ஓட்டம் நின்றுபோகும். வெல்க்ரோ கட்டுத் துணியையும் நூலையும் பிடித்து இழுக்கும். நீங்கள் முன்பக்கத்தைப் பின்பக்கத்தைவிட 4 செ.மீ. தாழ்த்திவிட்டு, வாய் தானாகத் திறந்திருக்கும்படி விட்டிருக்கிறீர்கள். பக்கத் தையலை ஒருமுறை தைத்துத் திருப்பி மறுமுறையும் தைத்ததில் துணியின் பிசிர் மடிப்புக்குள்ளேயே அடங்கிவிட்டது. குழாயைச் சுற்றிக்கொள்ள ஒரு நூல்கூட வெளியே இல்லை. துணி முதலிலேயே துவைத்து, கஞ்சி போய் மெத்தென்று இருந்தது. பூப்போட்ட துணியையோ இளஞ்சிவப்பையோ நீங்கள் எடுக்கவில்லை, அடர் நிறக் கட்டம் எடுத்தீர்கள். கசிந்தாலும் கறை கண்ணில் அடிக்காது. இன்னொரு பயனும் கிடைத்தது. மார்பகப் புற்றுநோய் ஆண்களுக்கும் வரும், நோயாளிகள் நூறு பேரில் ஏறக்குறைய ஒருவர் ஆண். அப்படிப்பட்ட ஒருவர் எந்தக் கூச்சமும் இல்லாமல் அந்தப் பையைக் கட்டிக்கொண்டார்.

அப்புறம் அந்த முடிச்சுகள். ஓர் அறையின் உள்விளிம்பில் ஒரு நூல் முடிச்சு, மற்றதில் இரண்டு. தையல் பிசகு என்று நினைத்து முதல் பையில் அதைக் கத்தரிக்கவே போனோம். வார்டில் இருந்த நர்ஸ் ஒருவர்தான் கையைப் பிடித்து நிறுத்தினார். இரண்டு டிரெயின் இருப்பவர் ஒவ்வொன்றின் அளவையும் தனித்தனியாக எழுத வேண்டும். ஒவ்வொரு குழாயையும் அதனதன் அளவைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். இரண்டும் கலந்துவிட்டால் கணக்கே பாழ். அரைத்தூக்கத்தில், விளக்கைப் போடாமல், விரலால் தடவியே இது ஒன்றாம் குழாய், இது இரண்டாம் குழாய் என்று தெரிய வேண்டும். அதற்காக வைத்த முடிச்சு அது. இருட்டில் தடவித் தேடியவருக்குத்தான் இது தோன்றும். நீங்கள் அந்த ராத்திரிகளைக் கடந்து வந்தவர் என்று நினைக்கிறோம். நலமாக இருக்கிறீர்களா?

உங்கள் பைகள் இரண்டே நாளில் தீர்ந்துவிட்டன. ஒன்றை மட்டும் மாதிரிக்கு எடுத்து வைத்துத் தைக்கத் தொடங்கினோம். முதலில் கெடுத்தோம். சுருங்கும் பருத்தித் துணியைத் துவைக்காமல் வெட்டினோம், தைத்த பிறகு துவைத்ததும் அறைகள் குறுகிவிட்டன. அறை குறுகினால் கை உள்ளே போகாது, பல்பை எடுக்கிறவர் குழாயைப் பிடித்து இழுத்துவிடுவார். அதனால்தான் அறைக்கு 13 செ.மீ. அகலம் வைத்திருக்கிறீர்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. வழுக்குகிற செயற்கைத் துணியும் சரிப்படவில்லை, நாடா முடிச்சு நிற்காமல் பை கீழே இறங்கிக்கொண்டே போனது.

இப்போது வருவது இந்த அளவு. தைக்க முன்வருகிறவர்கள் குறித்துக்கொள்ளலாம். துவைத்து உலர்த்தி இஸ்திரி போட்ட பருத்தித் துணியில் 28 செ.மீ. அகலம், 48 செ.மீ. நீளம் ஒரே துண்டாக. ஒரு முனையை 2 செ.மீ. மடித்து ஓரம் அடிக்க வேண்டும், அது முன்பக்கம். மறுமுனையில் 4 செ.மீ. மடித்தால் நாடா கோக்கும் குழல். முன்பக்கம் 19, பின்பக்கம் 23 வருமாறு மடித்து, பக்கத்துக்கு 1 செ.மீ. விட்டு இரட்டைத் தையல். நடுவில் மேலிருந்து கீழாக ஒரு தையல் ஓட்டினால் இரண்டு அறை. முடிச்சுகளை மறக்கக் கூடாது. 110 செ.மீ. அகலத் துணியில் ஒரு மீட்டருக்கு ஆறு பை வரும். நாடா தனி, பைக்கு 180 செ.மீ. நீளம், 2.5 செ.மீ. அகலம். எலாஸ்டிக் வேண்டாம், நடக்கும்போது குதித்துக் குதித்துத் தையலை இழுக்கும். பையைக் குழாய் வெளியே வரும் இடத்துக்குக் கீழே, இடுப்பில்தான் கட்ட வேண்டும். கழுத்தில் மாட்டினால் அறுவை செய்த பக்கத் தோள் தானாகவே முன்னால் வளைந்துவிடலாம், பிறகு கையைத் தூக்கும் பயிற்சி கடினமாகலாம். குளிக்கும் நேரத்துக்கு மட்டும் கழுத்தில் போடலாம், குளிக்கலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகு.

ஒவ்வொரு பையோடும் ஓர் அட்டை வைக்கிறோம். தேதி, நேரம், எந்தக் குழாய், எத்தனை மி.லி., என்ன நிறம். கையைக் கழுவி, மூடியைத் திறந்து அளவுக் குவளையில் ஊற்றி, குவளையைச் சமதளத்தில் வைத்துக் கண் மட்டத்தில் பார்த்து எழுத வேண்டும். முதல் நாட்களில் சிவப்பு, பிறகு வெளிர்ந்து, கடைசியில் வைக்கோல் மஞ்சள். 24 மணி நேரத்தில் 30 மி.லி.க்குக் கீழே இறங்கினால் எடுக்கலாம் என்பது பல மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவு, தொடர்ந்து இரண்டு நாள் பார்ப்பவர்களும் உண்டு. நன்றாக வந்துகொண்டிருந்த நீர் திடீரென்று நின்றுபோனால் மகிழ்ந்துவிடக் கூடாது, பெரும்பாலும் குழாயில் ரத்தக்கட்டி அடைத்திருக்கும். தோலருகே குழாயை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையின் இரு விரல்களால் பல்பை நோக்கி வழித்துவிடச் சொல்லித் தருவார்கள். தோலருகே உள்ள கை பிடியை விட்டுவிட்டால் தையல் போகும். காய்ச்சல், துர்நாற்றம், சீழ், பரவும் சிவப்பு, பல்ப் மளமளவென்று ரத்தத்தால் நிரம்புவது, குழாய் நழுவி வெளியே வருவது, இதில் எதுவானாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மற்ற எல்லோரையும் ஒரே பத்தியில் சேர்ப்பதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் சிறு தொகை தருகிறவர்களே, இந்த நிதியின் முதுகெலும்பு நீங்கள்தான். அறுவை சிகிச்சை என்றால் உடனே பணம் வந்துவிடுகிறது. கீமோ பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை எனப் பல மாதம் நீள்கிறது. ஹெர்2 என்ற புரதம் மிகுந்த புற்றுநோய் வகைக்கான ட்ராஸ்டுசுமாப் மருந்து ஓராண்டு. ஹார்மோன் மாத்திரை ஐந்திலிருந்து பத்தாண்டு. அதற்குள் ஊர் மறந்துவிடும். ரேடியேஷனுக்கு வாரம் ஐந்து நாள், மூன்று வாரம் வண்டி ஓட்டியவர்களே, ஒரு நாளும் நீங்கள் தாமதமாக வரவில்லை. உண்டியலைச் சீல் வைத்து, இருவர் சேர்ந்தே எண்ணி, இருவர் கையெழுத்தில்லாமல் ஒரு காசும் எடுக்கவிடாத கணக்குப் பிள்ளைகளே, கணக்கில் சந்தேகம் கிளம்பிய அந்த ஒரு நாளில் எங்களைக் காப்பாற்றியது உங்கள் பேரேடுதான். பொய்முடிக்காகத் தலைமுடி தந்தவர்கள் முழுக்கக் காயவைத்துப் பின்னித் தந்தீர்கள். ஈரத்தோடு கட்டிவைத்த முடி பூஞ்சை பிடித்து வீணாகும் என்று யாரோ உங்களுக்கு நன்றாகச் சொல்லித் தந்திருக்கிறார்கள். கையில் நிணநீர் தேங்கி வரும் வீக்கத்துக்கான அழுத்த உறையை இரண்டிரண்டாக வாங்கித் தந்தவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. ஒன்று துவைத்துக் காயும்போது மற்றது கையில் இருக்க வேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் மார்பகப் புற்றுநோய்க்கென ஒரு திட்டம் தொடங்கியது. 60, 60, 80 என்று மூன்று இலக்குகள் அதில் உண்டு. சுற்றியுள்ள திசுக்களில் ஊடுருவும் வகை மார்பகப் புற்றுநோய் உள்ளவர்களில் 60 விழுக்காட்டுக்கு மேற்பட்டோருக்கு ஆரம்ப நிலையிலேயே கண்டறிவது, அறிகுறியோடு வந்த 60 நாளுக்குள் நோயறிதலை முடிப்பது, 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் சிகிச்சையை முழுதாக முடிப்பது. எங்களைப் போன்ற சிறு நிதிகள் கைகொடுக்கக் கூடியது பெரும்பாலும் அந்த மூன்றாவதற்குத்தான். சிகிச்சையை நிறுத்துகிறவர்கள் எல்லோரும் மருந்துச் செலவால் நிறுத்துவதில்லை. போக்குவரத்து, கூடவர ஆளில்லாமை, தையல் இழுக்கிற வலி, தனியாக இருக்கிற பயம் இவையும் நிறுத்துகின்றன. 1952-இல் மார்பகம் அகற்றப்பட்ட டெரீஸ் லாசர் என்ற அமெரிக்கப் பெண், பிறகு மருத்துவமனைப் படுக்கைகளைத் தேடிப் போய்ப் பயிற்சிக்கு ஒரு ரப்பர் பந்தும் கயிறும் கொடுத்துவந்தார். அந்தப் பணி உலகெங்கும் பரவியது. துணிக்கட்டைப் பிரித்த அன்று அவர் நினைவுதான் வந்தது.

உங்கள் முன்னிலையில் சில வாக்குகள். டிரெயினோடு வீட்டுக்குப் போகிற யாருக்கும் பை கேட்க வேண்டிய நிலை வராது, அறுவை சிகிச்சைக்கு முன்பே கையில் கொடுத்துவிடுவோம். பைக்கு விலை வைக்க மாட்டோம். நிதிக்காக எந்த நோயாளியின் முகத்தையும் படமெடுத்துப் போட மாட்டோம், அவரே கேட்டால் ஒழிய. ஒருவர் பெயரில் திரட்டிய பணம் மிஞ்சினால், அவரைக் கேட்காமல் வேறு எதற்கும் எடுக்க மாட்டோம்.

தைத்தவரே, ஒரு விஷயம். உடல் பெருத்தவர்களுக்கு உங்கள் ஒன்றரை மீட்டர் நாடா முடிச்சுக்கு எட்டவில்லை. அதனால் நாடாவை மட்டும் 180 செ.மீ. ஆக்கியிருக்கிறோம். மற்றபடி எல்லாம் நீங்கள் தைத்த மாதிரியேதான், முடிச்சுகள் உட்பட.