ரமணா, அந்த மோட்டாரைக் கழற்றாதே

அன்புள்ள ரமணனுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பழைய சாமான் சந்தையில் நீ வாங்கி வந்திருக்கும் மாடல் படகு ஸீ கமாண்டரேதான். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இருந்த ஏரோகிட்ஸ் கம்பெனியின் கிட், அதாவது வாங்கி வீட்டிலேயே ஒட்டிச் சேர்க்கிற பாகங்கள்; 34 அங்குல நீளம். யாரோ ஒருவர் அறுபது வருஷத்துக்கு முன்னால் சாப்பாட்டு மேசையில் வைத்து ஒட்டியிருப்பார். நல்ல கை. ஒட்டுப்பலகையின் ஓரங்களைப் பார்த்தாலே தெரிகிறது.

உள்ளே இருக்கிற 'பழைய இரும்பை' எடுத்துவிட்டு இந்தக் காலத்து பிரஷ்லெஸ் மோட்டாரும் லிபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரியும் போடப்போவதாக எழுதியிருக்கிறாய். கொஞ்சம் பொறு. அந்த இரும்பின் பெயர் டேகால். அந்தக் காலத்து இங்கிலாந்தில் படகுக்காரர்கள் ஆசைப்பட்டு வாங்கிய மோட்டார்.

இன்றைய சின்ன மோட்டார்களுக்குள் நிரந்தரக் காந்தம் இருக்கும். இதில் அது கிடையாது. வெளியே தெரிகிற கம்பிச் சுருளில் மின்சாரம் பாய்ந்தால்தான் காந்தம் பிறக்கும். அதனால்தான் பேட்டரி வயரை மாற்றிக் கொடுத்தாலும் அதே பக்கம் சுற்றுகிறது. சுருளிலும், உள்ளே சுழலும் பாகமான ஆர்மேச்சரிலும் துருவம் சேர்ந்தே மாறிவிடுகிறதே! "ரிவர்ஸ் போகவில்லை, ரிப்பேர்" என்றாயே, அது ரிப்பேர் இல்லை, பிறவிக் குணம். சுருளின் இரண்டு முனைகளையும் பிரித்து, ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபையர் (மின்சாரத்தை ஒரே திசையில் விடுகிற நாலு டயோடு) வழியாகக் கொடுத்துவிடு. சுருளில் எப்போதும் ஒரே திசை, ஆர்மேச்சரில் மட்டும் திசை மாறும். படகு பின்னாலும் வரும். சாதாரண சிலிக்கான் டயோடு என்றால் கிட்டத்தட்ட 1.4 வோல்ட் அதிலேயே போய்விடும், 6 வோல்ட் பேட்டரிக்கு அது பெரிய நஷ்டம். ஷாட்கி வகை டயோடில் இழப்பு குறைவு.

அதற்கு முன்னால் கம்யூட்டேட்டரை, அதாவது ஆர்மேச்சருக்கு மின்சாரம் வாங்கிக் கொடுக்கிற செம்பு வளையத்தை, சுத்தம் செய். கறுத்துப்போன செம்பை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடை. இடுக்குகளில் சேர்ந்த கரியைச் சீவின தீக்குச்சியால் எடு. பேரிங்குகளில் ஆளுக்கொரு சொட்டு எண்ணெய். அப்புறம் கரண்ட் கொடுத்துப் பார்: நீலப்பொறி பறக்கும், ஒரு மாதிரி வாசனை வரும், மெதுவாக முனகிக்கொண்டு சுற்றும். பிரஷ்லெஸ் மோட்டார் இதைவிடப் பல மடங்கு திறமையானது, அதை மறுக்கவில்லை. ஆனால் அது கெட்டால் குப்பைக்குத்தான் போகும். இதைத் திறந்து, பார்த்து, புரிந்துகொண்டு, திரும்ப ஓட்டலாம். பழைய படகுகளுக்கு இன்றைக்கும் இத்தனை பேர் அலைவது முக்கியமாக இதற்காகத்தான் என்பது என் கட்சி. சிறுவயதில் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று ஏங்கியவர்கள் ஓய்வுபெற்ற பிறகு தேடி வாங்குகிறார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் நீ அந்தக் கடைகளைப் பார்த்ததே இல்லை. உனக்கு எப்படி இந்தக் கிறுக்கு பிடித்தது?

ரேடியோவை மட்டும் தாராளமாகப் புதிதாகப் போடு. அதில் எனக்குப் பழமைப் பித்து இல்லை. அந்தக் காலத்து ஒற்றைச் சேனல் செட்டில் முறுக்கிய ரப்பர் பேண்டுதான் சுக்கானைத் திருப்பும். ஒரு தடவை பட்டனை அழுத்தினால் வலது, அடுத்த தடவை இடது. கணக்குத் தவறினால் படகு நேராக வாத்துக் கூட்டத்துக்குள். போதாததற்கு மோட்டாரின் பொறி வேறு சிக்னலைக் குழப்பும். இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவில் அந்தத் தொல்லை வெகுவாகக் குறைவு.

படகின் உடம்பைப் பொறுத்தவரை, அடிப்பலகையை நகத்தால் தட்டிக்கொண்டே போ. சத்தம் மந்தமாகிற இடத்தில் பசை விட்டிருக்கும்; அங்கே நீர்த்த எபாக்ஸிப் பசை இறக்கினால் போதும். முழுசாகப் பிரிக்காதே.

லண்டன் பக்கம் வந்தால் விக்டோரியா பார்க் ஏரிக்குப் போவோம். அங்கே 1904இல் தொடங்கிய நீராவிப் படகு கிளப் ஒன்று உண்டு. அதுவரைக்கும் பெயின்டை உலர்வாகத் தேய்க்காதே, அந்தக் காலத்து எனாமலில் ஈயம் இருக்கலாம். தண்ணீர் விட்டுத் தேய், மாஸ்க் போடு, குழந்தையை அந்த அறைக்குள் விடாதே. கம்யூட்டேட்டரில் உரசுகிற பிரஷ்ஷை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்கைக் கிட்டத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பு, தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணா