2022இல் வடக்கு ஒதுங்கியா இருந்தது?

ஆசிரியருக்கு,

இலங்கையின் 2022ஆம் ஆண்டைத் திரும்பிப் பார்த்து சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். கொழும்பு காலிமுகத்திடலில் போராட்டக் கூடாரங்கள் எழும்பியது, ஜூலை 9 அன்று ஜனாதிபதி மாளிகைக்குள் சனம் புகுந்தது, ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச மாலைதீவுக்குப் பறந்து அங்கிருந்து சிங்கப்பூர் போய் இராஜினாமாக் கடிதம் அனுப்பியது எல்லாம் விறுவிறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் வடக்கு மக்கள் பெரும்பாலும் ஒதுங்கியே இருந்தார்கள் என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி போகிற போக்கில் வருகிறது. அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

எனக்கு ஊர் யாழ்ப்பாணத்துக் கோண்டாவில். ஒதுங்கியிருக்க அந்த வருஷம் எங்களுக்கு எங்கே இடம் இருந்தது? ஜூன் மாதம் ஒரு இரவு முழுவதும் என் மகன் மோட்டார் சைக்கிளோடு பெற்றோல் செட் வரிசையில் கிடந்தான். விடிய நாலு மணிக்குத் தேத்தண்ணி கொண்டுபோனேன். பால்மா கிடையாது, வெறும் தேத்தண்ணிதான்; கடித்துக் குடிக்க ஒரு துண்டு பனங்கட்டி. வரிசை சந்தியைத் தாண்டி, கோயில் மதிலைத் தாண்டி ஒழுங்கைக்குள் திரும்பியிருந்தது. வீட்டுக்குப் போய்வருகிற ஆட்கள் தங்கள் இடத்தில் கல்லையும் வெறும் போத்தலையும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்தக் கல்லை ஒருவரும் தள்ளவில்லை, அதையும் சொல்லவேண்டும். காலை ஒன்பது மணிக்குச் செட்டுக்காரர் 'பெற்றோல் இல்லை' என்று மட்டையில் எழுதித் தொங்கவிட்டார். முந்தின டிசம்பரில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த பெற்றோல் அந்த ஜூன் முடிவில் 470 ரூபா. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை என்பதுதான் கதை.

வரிசையில் நின்ற வயதான ஒருவர் பெடியங்களுக்கு 90களின் கதை சொல்லிக்கொண்டிருந்தார். போர்க்காலத்தில் அரசாங்கம் வடக்குக்குச் சாமான் வரவிடாமல் போட்ட பொருளாதாரத் தடைக் காலத்தில் சில துளி பெற்றோலை விட்டு மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டியது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்ச எண்ணெயும் விட்டு விளக்குக் கொளுத்திப் படித்தது. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டது. பனங்களியில் உடுப்புத் தோய்த்தது. பெடியங்கள் சிரித்தார்கள். ஒருவன் மட்டும், "ஐயா, இப்ப மண்ணெண்ணெயும் இல்லையே" என்றான். அவருக்குப் பதில் இல்லை.

உண்மையும் அதுதான். நாங்கள் தடையில் வளர்ந்தவர்கள், எதையும் சமாளிப்போம் என்று எங்கள் ஆட்களே அந்த வருஷம் பெருமை பேசினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எரிவாயு சிலிண்டர் இல்லாதபோது நான் பனையின் ஊமலும் பன்னாடையும் பொறுக்கி அடுப்பெரித்தேன், சரி. என் வீட்டுக்காரரின் பழைய ரலி சைக்கிளைப் பத்தியிலிருந்து இறக்கித் துடைத்தோம், அதுவும் சரி. ஆனால் மண்ணெண்ணெய் இல்லாமல் கரையில் கிடந்த படகுகளுக்கு எந்தப் பழைய வித்தை உதவியது? ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து ஒரே தாவலில் 340க்குப் போனதைக் கட்டுரையாளர் ஓரிடத்திலும் சொல்லவில்லை. செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம் என்று எழுதியிருக்கிறார். அதுவும் கொழும்பு விலைகளை மட்டும் பார்க்கிற கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்தான்!

மார்ச் 22 அன்று மன்னார்ப் பக்கமிருந்து கைக்குழந்தையோடு 16 பேர் படகேறித் தனுஷ்கோடிப் பக்கம் போய் இறங்கினார்கள். கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது ஏப்ரல் 12. அதற்கு மூன்று வாரம் முந்தியே அந்தக் குடும்பங்களுக்கு விஷயம் விளங்கியிருக்கிறது. வருஷக் கதையை ஏப்ரலிலிருந்து தொடங்குகிறவர்களுக்கு இவர்கள் கண்ணில் படமாட்டார்கள்.

அப்புறம், ஏன் யாழ்ப்பாணத்தில் காலிமுகத்திடல் மாதிரி ஒன்று எழும்பவில்லை? 2019 ஜனாதிபதித் தேர்தலில் யாழ் மாவட்டம் 80 வீதத்துக்கும் மேலான வாக்குகளை, கோட்டாபயவை எதிர்த்து நின்ற சஜித் பிரேமதாசவுக்குப் போட்டது. போர் முடிந்த காலத்துப் பாதுகாப்புச் செயலாளரான கோட்டாபயவை எங்களுக்கு யாரும் அறிமுகம் செய்யத் தேவையிருக்கவில்லை. "நாங்கள் அனுப்பாத ஆளை வீட்டுக்குப் போ என்று நாங்கள் ஏன் கத்தவேணும்?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டா. அதில் கொஞ்சம் கோபம், கொஞ்சம் களைப்பு. இங்கே ஒரு கூடாரம் போட்டால் அடுத்த நாள் பெயர், விலாசம் எழுத ஆள் வரும் என்ற பயமும் இருந்தது, மறைப்பானேன்.

ஆனால் கூடாரம் இருக்கவில்லை என்பது பிழை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் அம்மாக்கள் 2017 பெப்ரவரி 20 தொடக்கம் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் கொட்டகை போட்டு இருந்தார்கள். 2022 ஏப்ரல் 9 அன்று காலிமுகத்திடலில் முதல் கூடாரங்கள் எழும்பியபோது அந்தப் போராட்டம் 1,800 நாளைத் தாண்டியிருந்தது. அந்த அம்மாக்களில் எத்தனையோ பேர் பதில் கிடைக்காமலே கண்ணை மூடிவிட்டார்கள். வவுனியாவிலும் அப்படி ஒரு கொட்டகை இருந்தது. கொழும்புப் பத்திரிகைக்காரர் வாகனத்தில் யாழ்ப்பாணம் வந்தால் பெரும்பாலும் இந்த ஊர்களைத் தாண்டும் ஏ9 வீதியால்தான் வருவார்.

தெற்கில் நடந்ததைக் குறைத்துப் பேசுகிறேன் என்று நினைக்கவேண்டாம். மே 18 அன்று காலிமுகத்திடலில் முள்ளிவாய்க்காலை நினைவுகூர்ந்து கஞ்சி கொடுத்தார்கள். சிங்களப் பிள்ளைகளும் வாங்கிக் குடித்தார்கள். கொழும்பில் வேலை செய்யும் என் பெறாமகள் அங்கே நின்றாள். போன் எடுத்தவள் ஒன்றும் பேசவில்லை, கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வைத்துவிட்டாள். இது கட்டுரையில் இருக்கும் என்று தேடினேன். இல்லை.

கடைசியாக ஒரு சின்னத் திருத்தம். அந்த வருஷத்தின் ஒரே நல்ல செய்தி செப்டெம்பர் 11 அன்று டுபாயில் பாகிஸ்தானை வென்று கிரிக்கெட் ஆசியக் கிண்ணம் எடுத்ததுதான் என்று எழுதியிருக்கிறார். அதே நாள் சிங்கப்பூரில் எங்கள் வலைப்பந்தாட்டப் பெண்களும் ஆசிய சம்பியன்ஷிப்பை வென்றார்கள். கோலடிக்க நின்றது யாழ்ப்பாணத்துப் பிள்ளை தர்ஜினி சிவலிங்கம். ஆறடி எட்டு அங்குலத்துக்கும் மேல் உயரம். அவவையும் காணவில்லையாம்.

இப்படிக்கு,
கோண்டாவில் வாசகி