என் படிப்புக்குக் கையெழுத்துப் போட்டவர்களுக்கு

குமரி மாவட்டத்தில் மேல்புறத்திலும் மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் இருக்கிற உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் என் பெயர் பதிவாகிவிட்டது. நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்து, இந்த மாதம் இரவுப் பணி. நன்றியை நேரில் சொல்லத்தான் நினைத்தேன். சொல்லப் போனால் "அதுக்கென்ன மக்களே, சாயா குடிச்சியா?" என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். எழுத்தில் என்றால் யாரும் குறுக்கே பேச முடியாதல்லவா!

என் வீடு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அப்பா கொத்தனார், வேலை பெரும்பாலும் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில். அம்மா அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், பருப்புத் தோல் உரிக்கிறார். நான் பிளஸ் டூ முடித்த 2021-இல் ஊரடங்கு. இரண்டு வருமானமும் நின்று நின்று வந்தன. பி.எஸ்சி. நர்சிங்கில் அரசு ஒதுக்கீட்டில் ஒரு தனியார் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தி வந்த அன்று வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. அம்மா காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மறுநாள் கம்மல் பணயத்துக்குப் போயிற்று. மீதிக்கு என் பெரியம்மை (பெரியம்மா) தன் சிட்டியை, அதாவது சீட்டுப் பணத்தை, தள்ளிப் பிடித்துத் தந்தார். அந்த வருடம் அவர் வீட்டுக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். பெரியம்மை, அதை நான் மறக்கவில்லை.

முதல் வருடம் அப்படி ஓடியது. இரண்டாம் வருடத்துக்குப் பணயம் வைக்க எதுவும் மிச்சமில்லை. கல்விக்கடன் கேட்டு ஒரு வங்கிக்கு அப்பாவும் நானும் போனோம். "நர்சிங்குக்கா? வீட்டுப் பத்திரம் கொண்டு வாங்க" என்றார்கள். மூன்று நாள் கூலியை விட்டுவிட்டு மூன்று முறை போனோம். மூன்றாம் முறை உட்காரக்கூடச் சொல்லவில்லை. பெயர் வேண்டாம். அந்தக் கிளைக்கு நன்றி கிடையாது, அவ்வளவுதான்.

இனி வருவது இ-சேவை மையத்து அக்காவுக்கு. வருமானச் சான்றிதழ் எடுக்கத்தான் உங்களிடம் வந்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு "எதுக்குப் பிள்ளே இந்தச் சான்றிதழ்?" என்று கேட்டீர்கள். அந்த ஒரு கேள்வியில் என் நான்கு வருடம் திரும்பிற்று. கல்விக்கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் ஒரே விண்ணப்பத்தை மூன்று வங்கிகளுக்கு அனுப்பலாம் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். 4 லட்சம் ரூபாய் வரைக்கும் சொத்துப் பிணை வேண்டியதில்லை, அப்பாவோ அம்மாவோ கூட்டாகக் கையெழுத்துப் போட்டால் போதும் என்பதும் அப்படித்தான். விண்ணப்பித்ததற்கான தாளை அச்செடுத்துத் தந்து, "வாயால சொன்னா வாயால அனுப்பிருவாங்க, பேப்பரா குடு" என்றீர்கள்.

கொடுத்தோம். இரண்டாவதாகப் போன கிளையின் மேலாளர் சார் விண்ணப்பத்தை முழுதாகப் படித்தார். ஒரு வங்கி அதிகாரி எங்கள் காகிதத்தைக் கடைசி வரி வரை படித்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன். கல்லூரிக்கு இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்டார், இருந்தது. 2,80,000 ரூபாய் அனுமதித்தார். கல்விக் கட்டணத்தோடு புத்தகம், சீருடை, தேர்வுக் கட்டணமும் கணக்கில் சேரும் என்று அவரேதான் எழுதிச் சேர்த்தார்.

சார், நீங்கள் செய்த இன்னொரு காரியம் உங்களுக்கு ஞாபகம் இருக்குமா தெரியவில்லை. ஒரு நாள் வார்டு பயிற்சியில் இருந்தபோது போன் பண்ணி, "வருமானச் சான்றிதழ் வந்து சேரலியே, வட்டி ஏறிட்டிருக்கும்மா" என்றீர்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால், படிக்கிற காலத்துக்கும் அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கும் உண்டான வட்டியை மத்திய அரசு மானியமாகத் தரும் திட்டம் அது. சான்றிதழ் வங்கிக்குப் போய்ச் சேராவிட்டால் மானியமும் வராது. என் கடனைப் பற்றி என்னைவிட நீங்கள்தான் அதிகம் கவலைப்பட்டிருக்கிறீர்கள்.

அடுத்து புதுமைப் பெண். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. கல்லூரியிலேயே விண்ணப்பம் வாங்கினார்கள். கூடப் படித்தவர்களுக்கு மெசேஜ் வந்தது, எனக்கு வரவில்லை. அடுத்த மாதமும் இல்லை. ஏப்ரல் வரைக்கும் "நமக்கு விதிச்சது அவ்வளவுதான்" என்றிருந்தேன். மறுபடியும் அதே அக்கா. ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று தேடிப் பார்த்தார். எட்டாம் வகுப்பில் பள்ளி உதவித்தொகைக்காகத் தொடங்கிய ஒரு கணக்கு! நானே மறந்துபோனது. விண்ணப்பத்தில் எந்தக் கணக்கு எண்ணை எழுதினாலும், ஆதார் எதோடு இணைந்திருக்கிறதோ அங்கேதான் பணம் போகுமாம். எட்டு மாதப் பணம், 8,000 ரூபாய், அங்கே சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்ப இன்னும் மூன்று நாள் அலைந்தது வேறு கதை. முதல் வேலையாக வெள்ளை ஷூ வாங்கினேன். பழையது அடி தேய்ந்து வார்டில் வழுக்கிக்கொண்டிருந்தது.

நம் மாவட்டத்தில் அரசு உதவி பெறும் பள்ளிகள் எத்தனை! அங்கே தமிழ்வழியில் படித்த என் வகுப்புத் தோழிக்கு இந்த ஆயிரம் வராதது எங்களுக்குள் ஒரு நெருடலாகவே இருந்தது. 2024 டிசம்பர் கடைசியில் அவர்களுக்கும் திட்டத்தை விரித்தார்கள். கடைசி வருடத்தில்தான் கிடைத்தது, ஆனாலும் அவள் எங்கள் எல்லோருக்கும் பழம்பொரி வாங்கித் தந்தாள்.

உதவித்தொகை என்று யாரும் கணக்கில் வைக்காத ஒரு உதவியும் உண்டு. இரண்டாம் வருடம் முதல் விடுதியை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே போனேன். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நாள் தவறாமல் போக வரப் பயணம், மூன்று வருடம். காலை ஏழு மணிப் பயிற்சிக்கு நான் ஓடி வருவதைக் கண்ணாடியில் பார்த்து அரை நிமிடம் நிறுத்தி வைத்த ஓட்டுநர் அண்ணனுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

தொழிற்சங்கத்து மாமாவுக்கு: அப்பாவின் கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை புதுப்பிக்காமல் தகரப் பெட்டிக்குள் கிடந்தது. அதைத் தேடி எடுக்க வைத்து, நாகர்கோவிலில் தொழிலாளர் அலுவலகத்துக்கு அப்பாவைக் கையோடு கூட்டிப்போனது நீங்கள். உறுப்பினரின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி உண்டு என்று இருபது வருடம் அட்டை வைத்திருந்த அப்பாவுக்கே தெரியாது. பெரிய தொகை இல்லை. தேர்வுக் கட்டணம் கட்டும் வாரத்தில் வந்தது என்பதுதான் பெரிது.

உடற்கூறியல் புத்தகத்தை இரவல் தந்த சீனியர் அக்கா, புத்தகம் இப்போது அருமனைப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தியிடம் இருக்கிறது. உள்ளட்டையில் அவளோடு ஐந்து பெயர்கள் ஆகிவிட்டன. சீருடை தைத்த டெய்லர் மாமி, கூலியில் பாதிதான் வாங்கினீர்கள். பாக்கியைக் கேட்க மாட்டீர்கள், நான் தருவேன்.

கம்மல் போன வாரம் மீண்டு வந்துவிட்டது. கடன் தவணை தொடங்க இன்னும் மாதங்கள் இருக்கின்றன. மேலாளர் சார் மாற்றலாகிப் போய்விட்டாலும் தவணை தவறாது.

இ-சேவை அக்காவுக்கு ஒரு கவரில் பணம் வைத்துக் கொண்டுபோனேன். அவர் எடுத்துத் தந்த அச்சுத் தாள்களுக்கெல்லாம் இதுவரை காசு வாங்கியதில்லை. கவரைத் திருப்பி என் பையிலேயே போட்டுவிட்டு, "மாசம் ஒரு தடவ எங்க அம்மைக்குப் பிரஷர் பாத்துக் குடு, அது போதும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். 150-க்கு 90. உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறேன். அக்கா, நார்த்தங்காய் ஊறுகாய் பரணியை எடுத்து ஒளித்து வைப்பது உங்கள் பொறுப்பு.