பெயர் மறந்துபோன அந்த மனிதர்

அன்புள்ள சிவா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குத் திருச்சியிலேயே வேலை அமைந்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பேப்பரை இப்போது அவரே படித்துவிடுகிறார்.

ரஷ்யக் கவி புஷ்கினின் 'ஜிப்சிகள்' என்ற கதைக்கவிதையைப் படித்துவிட்டுக் கேட்டிருந்தாய்: அரசன் தெற்கிலிருந்து நாடுகடத்திய ஒருவரைப் பற்றி அதில் வரும் கிழவர் சொல்கிறாரே, பெயர் மறந்துவிட்டது என்கிறாரே, அது யார் என்று. ரோமானியக் கவி ஓவிட்தான். கி.பி. 8-இல் பேரரசர் அகஸ்டஸ் அவரைக் கருங்கடல் கரையிலுள்ள தோமிஸுக்கு அனுப்பிவிட்டார். இன்று அது ருமேனியாவின் கான்ஸ்டன்ட்சா. ஒரு கவிதையும் ஒரு பிழையும்தான் காரணம் என்று ஓவிட்டே எழுதுகிறார். கவிதை, காதல் கலை பற்றிய அவருடைய நூல். பிழை என்னவென்று மட்டும் கடைசிவரை சொல்லவில்லை.

போகும் வழியிலும் போன இடத்திலும் அவர் எழுதியதுதான் 'திரிஸ்தியா', அதாவது துயரப் பாடல்கள். ஐந்து பாகம். தொடக்கத்திலேயே தன் நூலைப் பார்த்து, நான் இல்லாமல் நீ மட்டும் ரோமுக்குப் போகிறாய் என்கிறார். அந்த ஊர்க் குளிரில் ஒயின் உறைந்து, ஜாடி இல்லாமலே ஜாடியின் வடிவத்தில் நிற்குமாம். துண்டு துண்டாகத்தான் தருவார்களாம். அகஸ்டஸிடம் கெஞ்சும் இடங்களைப் படிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ரோமில் கழித்த கடைசி இரவை, மனைவியின் அழுகையை எழுதுகிறாரே, அதற்கு ஈடில்லை. ஜெர்மன் கவி கதே தன் இத்தாலியப் பயண நூலை அந்த வரிகளோடுதான் முடிக்கிறார்.

ஓவிட் என்றாலே உருமாற்றக் கதைகளைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஷேக்ஸ்பியர் அள்ளிக்கொண்டதும் அதிலிருந்துதான். எனக்கோ இந்தத் துயரப் பாடல்கள்தான் பெரிய கொடை. ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட எழுத்தாளன் எப்படிப் பேசலாம் என்பதற்கு ஐரோப்பாவில் ஒரு வழி போட்டுக் கொடுத்தவர் அவர்.

புஷ்கினையே எடுத்துக்கொள். 1820-இல் தலைநகரிலிருந்து தெற்கே அனுப்பப்பட்டார். மறுவருடமே 'ஓவிட்டுக்கு' என்று ஒரு கவிதை. ஓவிட் பனியென்று புலம்பிய அந்தக் கருங்கடல் பக்கம், வடக்கிலிருந்து வந்த இவருக்கு வெயிலும் நீல வானமுமாக இருக்கிறது. நான் கண்ணீர் விடவில்லை, ஆனால் உன் கண்ணீர் எனக்குப் புரிகிறது என்கிறார். 1800 வருடம் கழித்து ஒருவர் இன்னொருவருக்கு எழுதும் பதில் அது, சிவா. படிக்கும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கிறது.

பிறகு இன்னொரு ரஷ்யக் கவி, மண்டல்ஷ்டாம். 1922-இல் வந்த கவிதைத் தொகுப்பின் பெயரே 'திரிஸ்தியா'. அவர் நாடுகடத்தப்பட்டது அதற்குப் பின், 1934-இல். 1938-இல் கைதிகள் முகாமில் இறந்தார்.

2017 டிசம்பரில் ரோம் நகர மன்றம் ஓவிட்டின் தண்டனையை ரத்து செய்தது. அதைப் படித்த அன்று எனக்கு உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது.

'திரிஸ்தியா'வை நீ மூன்றாம் பாகத்திலிருந்து தொடங்கு. குளிர்காலம் அங்கேதான் வருகிறது. பொங்கலுக்கு வருகிறேன், அப்போது பேசுவோம். தங்கச்சியையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ராமு