சாமியாரைக் கூப்பிடலாமா என்று கேட்டாயே

தூத்துக்குடி
பிப்ரவரி 16

அன்புள்ள ஜெயா,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. வாசல்படியிலேயே உட்கார்ந்து படித்துவிட்டேன். அம்மாவுக்கு மறுபடியும் வயிற்றில் நீர் கோத்திருக்கிறது, அடுத்த கீமோவை உடம்பு தாங்குமா என்று டாக்டரே யோசிக்கிறார் என்று எழுதியிருந்தாய். நாலு பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் இடுக்கில் ஒரு வரி: "சாமியாரைக் கூப்பிடலாமா? கூப்பிட்டால் அம்மா பயந்துவிட மாட்டார்களா?" நீ கேட்க வந்தது அது ஒன்றுதான் என்று எனக்குத் தெரியாதா?

கூப்பிடு. உங்கள் பங்குக் கோயில் ஃபாதரை இந்த வாரமே கூப்பிடு. சாமியாருக்குக் காப்பி கொடுத்தாயா என்று அம்மா உன்னை அதட்டுகிற தெம்போடு இருக்கும்போதே கூப்பிடு.

ஏன் இப்படி அவசரப்படுத்துகிறேன் என்று சொல்கிறேன். 1991-இல் எங்கள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். விடுதிக்குத் தந்தி வந்தபோது நீதான் என் பெட்டியை அடுக்கிக் கொடுத்தாய். ஆனால் அந்தப் பதினோரு நாளில் வீட்டில் நடந்ததை உன்னிடம்கூட நான் முழுதாகச் சொன்னதில்லை. முதல் ஒரு வாரம் அப்பாவுக்கு நினைவு தெளிவாகவே இருந்தது. வாய் கோணியிருந்தது, பேச்சு குழறியது, அவ்வளவுதான். சாமியாரைக் கூட்டி வந்து அவஸ்தை பூசச் சொல்வோம், நோயாளிக்குச் செபம் சொல்லி ஆசீர்வதித்த எண்ணெய் பூசுவதுதானே என்றார் சித்தப்பா. அத்தை விடவில்லை. "அவஸ்தை பூசிட்டா மனுசன் எந்திரிக்கவே மாட்டாரு, வேண்டாம்" என்று அழுதார். எங்கள் அம்மாவும் பயந்துபோய்ச் சரி என்றுவிட்டார். பத்தாம் நாள் ராத்திரி மூச்சு இழுக்க ஆரம்பித்த பிறகுதான் தம்பி சைக்கிளை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினான். சாமியார் வந்தார், பூசினார். அப்பாவுக்கு ஒன்றும் தெரியவில்லை.

என் நெஞ்சை அறுப்பது அதுகூட இல்லை. அந்த முதல் வாரம் முழுக்க அப்பா ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். குழறலில் அது எங்களுக்குத் 'தண்ணி' என்று கேட்டது. கரண்டியால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தோம். அவர் தலையை ஆட்டி மறுபக்கம் திரும்பிக்கொள்வார். அடக்கத்துக்கு வந்த பெரியப்பா பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு உறைத்தது, அவர் சொன்னது 'அண்ணே' என்று. வீட்டுச் சுவர்த் தகராறில் இரண்டு பேருக்கும் ஏழு வருஷமாகப் பேச்சு இல்லை. பெரியப்பா வீடு நாலு வாசல் தள்ளித்தான். சாமியார் முன்னமே வந்திருந்தால் அப்பா தன் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனம் கேட்டிருப்பார், யார்மேலாவது மனத்தாங்கல் உண்டா என்று விசாரித்திருப்பார். பெரியப்பாவுக்கு ஆள் போயிருக்கும்.

'அவஸ்தை பூசுதல்' என்ற பேர்தான் நம் சனங்களை இப்படி மிரட்டி வைத்திருக்கிறது. ஆச்சி காலத்தில் கோயில் வேலை பார்க்கும் உபதேசியார் மணியடித்துக்கொண்டு முன்னால் போக, சாமியார் பின்னால் வேகமாக நடப்பாராம். சத்தம் கேட்டதும் தெருவே வெளியே வந்து முழங்காலில் நின்று, யார் வீட்டில் சாவு என்று பார்க்குமாம். இது சாகக் கிடப்பவர்களுக்கு மட்டுமானது அல்ல என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாகச் சொல்லி, நோயில் பூசுதல் என்ற பேரை முன்னுக்குக் கொண்டுவந்தது. 1972-இல் ஆறாம் பவுல் பாப்பரசர் சடங்கையும் திருத்தினார். கண், காது, மூக்கு, வாய், கை, கால் என்று பூசியது போய், இப்போது நெற்றியிலும் கைகளிலும்தான் பூசுகிறார்கள். பெரிய ஆபரேஷனுக்கு முன்னால் வாங்கலாம். வயதாகித் தளர்ந்துபோனாலே வாங்கலாம். குணமாகி மறுபடி விழுந்தால் மறுபடியும் வாங்கலாம். யாக்கோபு திருமுகம் 5-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார். உங்களில் யாராவது நோயாக இருந்தால் மூப்பர்களைக் கூப்பிடுங்கள் என்றுதான் இருக்கிறது. செத்துக்கொண்டிருந்தால் என்று இல்லை. பேர் மாறி ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, பயம் மட்டும் மாறவில்லை. எங்கள் அன்பியத்தில், அதாவது செபத்துக்குக் கூடும் அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில், இன்றைக்கும் ஏதாவது ஒரு வீட்டில், "ஃபாதரை இப்பவே ஏன் கூட்டிட்டு வாறீங்க?" என்று கேட்டு என்னை வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள். நான் அப்பா கதையைச் சொல்வேன். பாதிப் பேர் அதற்கப்புறம் கதவைத் திறந்துவிடுவார்கள்.

ஆமாம், உனக்கு இதைச் சொல்லவில்லையே. இரண்டு வருஷமாக நான், கோயிலுக்கு வர முடியாத நோயாளிகளின் வீடுகளுக்கு நற்கருணை, பூசையில் அர்ச்சித்த அப்பம், கொண்டுபோகிறேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் சாமியார் சிமிழில் வைத்துத் தருவார், அதைக் கழுத்துப் பையில் போட்டுக்கொண்டு ஐந்து வீடு. போகும் வழியில் யாருடனும் பேச மாட்டேன், கைக்குள் அந்தச் சிமிழின் கனம் மட்டும் தெரியும். விழுங்க முடியாதவர்களுக்கு அப்பத்தில் நகம் அளவு கிள்ளி, ஒரு கரண்டித் தண்ணீரோடு. கஞ்சி குடித்துவிட்டேனே என்று ஒரு தாத்தா வாரா வாரம் தயங்குவார். நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் நற்கருணை வாங்குமுன் ஒரு மணி நேரம் சாப்பிடாமல் இருக்கும் அந்த ஒருசந்தி கிடையாது என்று நானும் வாரா வாரம் சொல்வேன். புதன்கிழமை சாயங்காலம் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையோடு சேர்ந்து வேறு வீடுகள். இரண்டு இரண்டு பேராகத்தான் போவோம், அது அவர்கள் வழக்கம். வாடகை, மாத்திரை, பிள்ளைகள் ஃபீஸ் என்று பேச்சு போகும். பாதி நேரம் நாங்கள் வெறுமனே கேட்டுக்கொண்டுதான் இருப்போம்.

இப்போது நான் எழுதப்போவதைக் கவனமாகப் படி, ஏனென்றால் உன் கடிதத்தில் உங்கள் மதினி அம்மாவை ஒரு குணமளிக்கும் செபக் கூட்டத்துக்கு அழைத்துப்போகச் சொல்வதாகவும் இருந்தது.

போன வருஷம் எங்கள் அன்பியத்து அக்கா ஒருவர், முப்பது வருஷம் உப்பளத்தில் பாத்தி மிதித்தவர், அப்படி ஒரு கூட்டத்துக்குப் போனார். சர்க்கரை நோய், காலில் ஆறாத புண். மேடையிலிருந்து ஒருவர், இங்கே சர்க்கரை வியாதி உள்ள ஒரு சகோதரி இப்போதே குணமாகிறார் என்று கூவியிருக்கிறார். அக்கா கையைத் தூக்கினார். வீட்டுக்கு வந்ததும் மாத்திரைகளை எடுத்துப் பரணில் போட்டுவிட்டார், சாப்பிட்டால் விசுவாசக் குறைவு ஆகிவிடுமே என்று. மூன்றாவது வாரம் நான் போனபோது வாசலிலேயே நாற்றம் அடித்தது. கால் கட்டைவிரல் கறுத்துப் போயிருந்தது. விரலை எடுத்தார்கள். எடுத்ததைவிடக் கொடுமை என்ன தெரியுமா, "எனக்கு விசுவாசம் பத்தல, அதான்" என்று அக்கா தன்னையே நொந்துகொண்டதுதான். எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை ஜெயா. கஷ்டப்படுகிறவள் தலையில் அந்தப் பாரத்தையும் ஏற்றிவிட்டுப் போய்விட்டார்களே.

திருச்சபை இப்படிச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. குணம் வேண்டிச் செய்யும் செபங்களைப் பற்றி 2000-இல் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் ஓர் அறிவுரை வெளியிட்டது. இப்படிப்பட்ட கூட்டங்களில் வெறியூட்டுவதும் நாடகத்தனமும் பரபரப்பும் கூடவே கூடாது என்று அதில் எழுதியே இருக்கிறது. பிரான்சில் மாதா காட்சி கொடுத்த லூர்து நகரைப் பார். 1883-இலிருந்து அங்கே மருத்துவ ஆய்வகம் நடக்கிறது, குணமானேன் என்று வந்து பதிந்தவர்கள் ஏழாயிரத்துக்கும் மேல். புதுமை என்று திருச்சபை ஏற்றுக்கொண்டதோ எழுபதைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. மாதாமேல் அவ்வளவு பக்தி உள்ள இடத்திலேயே டாக்டர்களை உட்கார வைத்துத்தான் பேசுகிறார்கள். நம் பைபிளில் சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரம் இருக்கிறதே, மருத்துவரை மதி, மருந்துகளை மண்ணிலிருந்து படைத்தவர் ஆண்டவர்தான் என்று. எங்கள் சாமியார் அந்த ஞாயிறு அதையே வாசித்துப் பிரசங்கம் வைத்தார். யார் பேரையும் சொல்லவில்லை. அக்கா மூன்றாவது பெஞ்சில் முக்காட்டுக்குள் அழுதுகொண்டிருந்தார்.

அப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். இளையோர் பிள்ளைகள் ஆறு பேர் முறை வைத்து, புண்ணுக்குக் கட்டுப் போட அக்காவை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். ஆட்டோ ஓட்டியது அடுத்த தெரு பாய், டீசலுக்குக்கூடக் காசு வாங்கவில்லை. அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதிய வைத்தோம், இப்போது சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. (அந்தத் திட்டம் தொடங்கியது 2021 ஆகஸ்ட் 5, நம் பனிமய மாதா திருநாள் அன்று. எனக்கு அதில் ஒரு சந்தோஷம்.) ஒன்பது மாதம் ஆனது புண் மூட.

போன வாரம் பிப்ரவரி 11, லூர்து மாதா திருநாள். 1992-இல் இரண்டாம் ஜான் பால் பாப்பரசர் அதை நோயாளர் தினமாக அறிவித்தது உனக்குத் தெரியும். பந்தல் போட்டு, மாதா குகையான கெபிக்கு முன்னால் நாற்காலிகளை அகலமாகப் பரப்பி வைத்தோம், சக்கர நாற்காலி திரும்ப இடம் வேண்டுமே. சாமியார் ஒவ்வொருவர் தலையிலும் இரண்டு கையையும் வைத்து, ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம்தான் எண்ணெய். உப்பளத்து அக்கா கையை விரித்து நீட்டினார். உப்பு அரித்து அரித்து ரேகையே மங்கிப்போன கை. பூசி முடித்ததும் அதை மூடி நெஞ்சோடு வைத்துக்கொண்டார், பூசை முடியும்வரை திறக்கவில்லை. வெளியே வரும்போது, "எப்படி இருக்குக்கா?" என்றேன். "விரல் முளைக்கலம்மா" என்றார். கொஞ்சம் நடந்துவிட்டு, "ஆனா பயம் போயிட்டு" என்றார்.

பூசினால் அம்மாவின் நோய் போய்விடுமா என்று நீ கேட்டால் என்னால் ஆமாம் என்று சொல்ல முடியாது. போகட்டும் என்று தினமும் செபமாலை சொல்கிறேன். கடவுளால் முடியும் என்று முழுமனதாக நம்புகிறேன். அந்த அக்கா சொன்னது அம்மாவுக்கும் கிடைக்கும் என்பதை மட்டும் கண்ணால் பார்த்ததால் உறுதியாக எழுதுகிறேன்.

சரி, செய்ய வேண்டியதை எழுதுகிறேன். பங்குச் சாமியாரிடம் நீயே நேரில் போய்ச் சொல். நோயாளிகளைப் பார்க்கச் சாமியார் வரும் மாதத்தின் முதல் வெள்ளி வரட்டும் என்று காத்திருக்காதே. அம்மாவிடம், "கீமோ தாங்க பலம் வேணும்ல, அதுக்குத்தான் ஃபாதர் வாறாரு" என்று உள்ளதைச் சொல். கட்டில் பக்கத்தில் ஒரு சின்ன மேசை, வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் தொங்கும் இயேசு உருவம்), மெழுகுவர்த்தி போதும். ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தால் மெழுகுவர்த்தி வேண்டவே வேண்டாம். பாவசங்கீர்த்தனம் செய்யும்போது எல்லாரும் அறையைவிட்டு வெளியே வந்துவிடுங்கள். மாத்திரை ஒன்றைக்கூட யார் சொல்லியும் நிறுத்தாதே. உன் தம்பியையும் அன்றைக்கு வரச் சொல்.

இன்னொன்று. அம்மா ராத்திரியில் ஏதாவது முனகினால், தண்ணீர் என்று நினைத்துவிடாதே. வாய் கிட்டே காதை வைத்து, யார் பேராவது சொல்கிறார்களா என்று கேள்.

நான் வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறுகிறேன், சனிக்கிழமை காலை கோயம்புத்தூரில் இருப்பேன். அம்மாவுக்குப் பிடித்த மக்ரூன் கால் கிலோ வாங்கி வருகிறேன். வாயில் வைத்தால் கரைந்துவிடும், ஒன்றாவது சாப்பிடலாமா என்று டாக்டரைக் கேட்டு வை.

அன்புடன்,
உன் ஸ்டெல்லா