ஊதிப் பார்க்கும் கருவியை எங்கள் உப்பளத்துக்குக் கொண்டு வாருங்கள்

மருத்துவ முகாம் நடத்தும் சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

போன மாதம் எங்கள் அளத்துப் பக்கம் முகாம் போட்டீர்கள். பிரஷர், சுகர் பார்த்து மாத்திரையும் கொடுத்தீர்கள். அதற்கு நன்றி. கிட்னிக்கு மட்டும் எதுவும் பார்க்கவில்லை. கேட்டதற்கு, "அதுக்கு ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பணும்மா, இங்க முடியாது" என்றார் ஒருவர். மூச்சை ஊதினால் அதிலுள்ள அம்மோனியாவை ஒளியை வைத்து அளந்து கிட்னிக் கோளாறைக் காட்டும் கருவியைப் பற்றிப் படித்தேனே என்றேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அந்தப் பதிலைக் கேட்டுத்தான் இந்த மடல்.

வெயிலில் நின்று உப்பு வாருகிறவர்களுக்குச் சிறுநீரகம் கெடுவது உங்களுக்குத் தெரியாத செய்தி இல்லை. ஒதுங்க இடமில்லாத அளங்களில் பெண்கள் தண்ணீரே குடிக்காமல் வேலை பார்ப்பதும் தெரியும். அதனால் என் அப்பாவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நான்கு வருடம் முன்பு அப்பாவின் வாயில் ஒரு வாடை வர ஆரம்பித்தது. மூத்திர வாடை மாதிரி, மூக்கில் ஏறும் நெடி. பற்பசையை மாற்றினோம். கிராம்பு மென்றார், உப்புத் தண்ணீரில் கொப்பளித்தார். என் மகன் தாத்தா மடியில் உட்கார மாட்டேன் என்று ஓடினான். அதற்கு அப்புறம் அப்பா யாரிடம் பேசினாலும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசினார். பல் மருத்துவரிடம் போனோம். ஒரு பல்லைப் பிடுங்கினார்கள், வாடை போகவில்லை. கால் வீங்கி, சோறு இறங்காமல், மூச்சு வாங்கிய பிறகுதான் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின், ரொம்ப அதிகமாக 9.4 இருந்தது.

கிட்னி வெளியேற்றாமல் ரத்தத்தில் தேங்கும் யூரியா என்ற கழிவு எச்சிலில் இறங்குகிறது, வாயிலுள்ள பாக்டீரியா அதை அம்மோனியாவாக உடைக்கிறது, அந்த வாடை அதுதான் என்று டயாலிசிஸ் பிரிவில் ஒரு நர்ஸ் அக்கா சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அவமானம் என்று நினைத்து அப்பா துண்டுக்குள் மறைத்தது, அவர் நோயைத்தான்.

இதை அளக்க முடியும் என்பது புதிய சேதியும் இல்லை. 2001லேயே அமெரிக்காவில் டயாலிசிஸ் நோயாளிகளின் மூச்சிலுள்ள அம்மோனியாவை லேசர் ஒளியால் அளந்து, ரத்த யூரியா இறங்க இறங்க அதுவும் இறங்குவதைக் காட்டிவிட்டார்கள். அம்மோனியா பட்டதும் நிறம் மாறும் சாயத்தைப் பூசி, அந்த மாற்றத்தை ஒளியால் படிக்கும் சிறிய உணரிகளும் ஆய்வுக்கூடங்களில் இருக்கின்றன. குறைகளும் உண்டு. சாப்பாடும் வாய்ச் சுத்தமும் அளவை மாற்றும், மூச்சின் ஈரம் குழப்பும், ஆரம்ப நிலை நோய் தப்பிவிடலாம். தெரிகிறது. கருவி தீர்ப்பு சொல்ல வேண்டாம். ரத்தப் பரிசோதனைக்கு யாரை இன்றே அனுப்ப வேண்டும் என்று காட்டினால் போதும்.

ஆகவே கேட்கிறேன்: அதை எங்கள் அளத்தில் வைத்துச் சோதியுங்கள். ஏசி அறையில் சரியாக வேலை செய்யும் கருவி, தூத்துக்குடி உப்புக் காற்றில் என்ன காட்டுகிறது என்று இங்கே வந்தால்தானே தெரியும்?

ரத்தம் கொடுக்க ஒரு நாள், ரிப்போர்ட் வாங்க ஒரு நாள் என்று இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ என்று எங்கள் ஆட்களிடம் சொல்வது எளிது. அப்பா இப்போது வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் மெஷினோடு கிடக்கிறார். அதற்குக் காப்பீடு பணம் கொடுக்கிறது. முன்கூட்டியே கண்டுபிடிக்க மட்டும் ஏன் எந்தத் திட்டமும் எங்கள் வாசலுக்கு வருவதில்லை? சிறுநீரகம் கிட்டத்தட்டப் பாதி கெடும்வரை கிரியாட்டினின்கூட ஏறாது என்கிறார்கள். அப்படியானால் நாங்கள் காத்திருக்கும் ஒவ்வொரு வருடமும் யாருடைய கணக்கில் சேரும்?

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். ஊதிப் பார்க்கும் கருவியை எங்கள் அளத்தில் சோதிக்க ஏற்பாடு செய்யுங்கள். அது வரும்வரை வருடம் ஒருமுறை கிரியாட்டினினும் சிறுநீர்ப் புரதமும் பாருங்கள், ரத்தத்தை அளத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் நள்ளிரவு தாண்டியதுமே வேலைக்கு இறங்கிவிடுவார்கள், வெயில் ஏறுவதற்குள் வந்தால் எல்லாரையும் பார்த்துவிடலாம். என் அம்மாவும் அங்கே இருப்பாள். முப்பது வருடமாக உப்பு சுமக்கிறாள், அவளுக்கு இதுவரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

இப்படிக்கு,
உப்பளத் தொழிலாளி ஒருவரின் மகள்,
தூத்துக்குடி