பிரம்பு வசனத்தோடு எபேசியரையும் வாசியுங்கள்

கர்த்தருக்குள் அன்பான போதகர் ஐயாவுக்கும் சேகரக் கமிட்டியாருக்கும் மேலூர்ப் பக்கத்துச் சபையார் ஒருவனின் ஸ்தோத்திரம்.

பிள்ளை வளர்ப்பு பற்றிப் பிரசங்கம் வந்தால் நீதிமொழிகள் 13:24 வாசிக்கப்படும். 'பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்.' ஆண்கள் பக்கம் தலைகள் ஆடும். எபேசியர் 6:4-ஐ அதோடு சேர்த்து வாசித்து நான் கேட்டதில்லை. பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல் கர்த்தருக்கேற்ற சிட்சையில் வளர்க்கும்படி அங்கே கட்டளை தகப்பன்மாருக்குத்தான்.

என் மகன் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, காணிக்கைக்குக் கொடுத்த இருபது ரூபாய்க்கு மிட்டாய் வாங்கித் தின்றுவிட்டான். வீட்டுக்கு வந்து பெல்ட்டால் அடித்தேன். நாலு பேர் முன்னால் எனக்கு வந்த வெட்கம்தான் அந்த அடியில் இருந்தது. அப்புறம் அவன் காசு எடுக்கவில்லை. பொய் சொல்லப் பழகினான். என் வண்டிச் சத்தம் கேட்டாலே பாட்டிக்குப் பின்னால் போய் நிற்பான். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். பழையபடி என் மடியில் வந்து உட்கார ஒரு வருஷம் ஆனது.

பிறகு ஒருநாள் பக்கத்து வீட்டுப் பையனின் கிரிக்கெட் பேட்டை உடைத்துவிட்டு மறைத்தான். கோபம் அடங்கும்வரை காத்திருந்தேன். அவன் உண்டியல் காசை எடுக்கச் சொல்லி, கூடவே நடந்துபோய், அவன் வாயாலேயே சொல்ல வைத்தேன். அழுதான். அன்று ராத்திரி என் பக்கத்தில்தான் படுத்தான்.

கண்டிக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆசாரியனாகிய ஏலி தன் குமாரரை அடக்காமல் விட்டதைப் பாவம் என்றே வேதம் சொல்கிறது. கேட்டதும் போனைக் கொடுத்து ஒதுங்கிக்கொள்வதும் அந்த வகைதான்.

அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக் கிடை போடும் கீதாரியை, அதாவது ஆடு மேய்ப்பவரைப் பாருங்கள். பயிருக்குள் இறங்கும் ஆட்டைக் கம்பை நீட்டி மறிப்பார். நடக்க முடியாத குட்டியைத் தூக்கிக்கொள்வார். அவர் குரல் கேட்டால் ஆடுகள் ஓடிவரும். 'உமது கோலும் உமது தடியும் என்னைத் தேற்றும்' என்று 23-ஆம் சங்கீதம் சொல்லும்போது எனக்கு அந்தக் கம்புதான் நினைவுக்கு வருகிறது.

பள்ளிக்கூடத்தில் பிள்ளையை அடிக்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்லிவிட்டது. வீட்டுக்குள் நடப்பதைச் சபைதான் கேட்க வேண்டும். வருகிற மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளி (வி.பி.எஸ்.) நாட்களில் ஒரு சாயங்காலத்தை அப்பாக்களுக்கு ஒதுக்குங்கள். வேலைக்குப் போகிறவர்களும் வரும்படி ஏழு மணிக்கு மேல் வையுங்கள். டீயும் சுண்டலும் எங்கள் வீட்டுப் பொறுப்பு. மேலே எழுதியதை அங்கே முன்னால் நின்று சொல்கிறேன். மகனிடம் கேட்டுவிட்டேன், சரி என்றான்.